முன்சீப் கேட்ட ஒரு கேள்வி



உ.வே.சாமிநாதையரை உருவாக்கியவர் யார் என்று கேட்டால் நாம் எல்லோரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைத்தான் சொல்வோம். சரிதான். 1871இல் மாயூரத்துக்கு வந்து சேர்ந்த 16 வயதுப் பையனுக்கு, 1876இல் தாம் மறையும்வரை அந்தப் பெருமகனார் தமிழை வாரி வழங்கினார். வேங்கடராமன் என்ற பெயரை மாற்றிச் சாமிநாதன் என்று பெயரிட்டவரும் அவரே. செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் முன்பே காரிகை கற்றவர் சாமிநாதன். பிள்ளையவர்களிடம் அந்தாதியும் பிள்ளைத்தமிழும் கோவையும் புராணமுமாகப் படித்துப் படித்து, சீர் எங்கே பிறழ்கிறது என்று காதே சொல்லிவிடும் நிலைக்கு வந்துவிட்டார்.

ஆனால் அத்தனை படிப்பிலும் சிந்தாமணி இல்லை! சிலப்பதிகாரம் இல்லை, மணிமேகலை இல்லை. குருநாதர் மீது குற்றமில்லை ஐயா. அன்றைய தமிழ்ப் படிப்பே அப்படித்தான் இருந்தது.

1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெறும்போது, தம் இடத்துக்குச் சாமிநாதையரைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு அக்டோபரில், அவ்வூர் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார் நம் புதிய தமிழாசிரியர். என்ன படித்திருக்கிறீர்கள் என்கிறார் முதலியார். இவர் நூல்களை அடுக்குகிறார். அவர் முகத்தில் வியப்பே இல்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். கேட்டதோடு விடவில்லை, பின்னர்ப் பிரதியையும் தேடிக் கொடுத்தார்.

பிரதி கைக்கு வந்ததும் கதவு திறந்துவிட்டதா? இல்லை. சிந்தாமணி சமண காப்பியம்; திருவாவடுதுறைச் சைவ மடத்தில் பயின்றவருக்குச் சமண சமயம் விளங்கவில்லை. கும்பகோணத்துச் சைன அன்பர்களின் வீட்டுக்குப் போய்க் கேட்டார். சந்திரநாத செட்டியார் சொல்லிக் கொடுத்தார். கல்லூரி ஆசிரியர் மாணாக்கராக உட்கார்ந்து கேட்டாரே, அங்கேதான் அவருடைய பெருமையை நான் காண்கிறேன்.

அடுத்து, சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரை. அவர் மேற்கோள் காட்டுவார். எந்த நூல் என்று சொல்லமாட்டார். அந்த அடிகளின் இருப்பிடம் தேடித் திருவாவடுதுறை மடத்து ஏட்டுக் கட்டுகளைப் பிரித்தபோதுதான் பத்துப்பாட்டு கிடைத்தது. ஓர் உரை, மறைந்து கிடந்த இன்னொரு நூலுக்கு வழி காட்டியது. 1887இல் சாமிநாதையர் பதிப்பில் சிந்தாமணி அச்சேறியது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை!

பிள்ளையவர்கள் தந்த பயிற்சி இல்லாதிருந்தால் சிதைந்த ஏட்டில் பாட்டைப் பிரித்தறிய முடிந்திருக்காது. முதலியாரின் கேள்வி இல்லாதிருந்தால் அந்த ஏட்டைத் தேடியே போயிருக்கமாட்டார். இரண்டும் ஒருவரிடத்தில் வந்து சேர்ந்தது தமிழ் செய்த பேறு. பழைய நூல்களைக் கண்டு பெரும்புகழ் பெற்ற பிறகும் அவர் தம் குருநாதரைக் கீழே வைக்கவில்லை; 1933, 1934 ஆண்டுகளில் இரண்டு பாகமாகக் குருநாதரின் சரித்திரத்தை எழுதி வெளியிட்டார்.

இங்கே வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் பெற்றோருக்கும் என் வேண்டுகோள் ஒன்று. உங்கள் பிள்ளை படித்த நூலைப் பாராட்டுங்கள். படிக்காத நல்ல நூல் ஒன்றின் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். இல்லை என்றால் திட்டாதீர்கள். இதோ இந்த நூலகத்துக்கு அழைத்து வந்து, அந்த நூலை எடுத்து அவன் கையில் கொடுங்கள்.