பருத்திப்பாலுக்கு லேபிள் உண்டா?

(சங்கரன்கோவிலில் நடந்த இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மரபணு மாற்று உணவும் அரசின் கட்டுப்பாடும் பற்றிப் பேசச் சொன்னீர்கள். வருகிற வழியில் ஒரு தள்ளுவண்டியில் பருத்திப்பால் குடித்துவிட்டு வந்தேன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பருத்திக் கொட்டையை ஊறவைத்து, அரைத்துப் பிழிந்து, கருப்பட்டி போட்டுக் காய்ச்சுவதுதான் பருத்திப்பால். இன்று இந்தியாவில் பருத்தி விளைகிற பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் பி.டி. பருத்தி. அப்படியானால் நான் குடித்த பாலில் இருந்தது எந்தக் கொட்டை? வண்டிக்கார அண்ணனிடம் கேட்டேன். "கடையில வாங்குற கொட்டை தாயி. அதுல என்ன இருக்குன்னு யாரு கண்டா?" என்றார்.

நம் நாட்டில் வணிகரீதியாகப் பயிரிட அனுமதி பெற்ற ஒரே மரபணு மாற்றுப் பயிர் பருத்தி. 2002 மார்ச்சில் அனுமதி கொடுத்தார்கள். அது நூலுக்கான பயிர், உணவுப் பயிர் அல்ல என்பது ஏட்டுக் கணக்கு. ஆனால் பருத்தி எண்ணெய் சமையலுக்குப் போகிறது. புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. கொட்டை பாலாகி நம் டம்ளருக்கு வருகிறது. மரபணு மாற்று சோயாவிலிருந்து எடுத்த எண்ணெயை இறக்குமதி செய்ய 2007-லேயே அனுமதி உண்டு. 2021-இல் கால்நடை, கோழித் தீவனத்துக்காக 12 லட்சம் டன் மரபணு மாற்று சோயாப் புண்ணாக்குக்கும் வழிவிட்டார்கள்.

பருத்திப்பால் விஷம் என்று நான் சொல்லவில்லை. நாளையும் குடிப்பேன். என் கேள்வி வேறு. ஒரு உணவு பாதுகாப்பானது என்று யார் சோதிக்கிறார்கள், அந்தச் சோதனை முடிவை யார் பார்க்க முடிகிறது, பாதுகாப்பு என்ற கணக்கில் யாருடைய உடம்பு சேருகிறது?

சட்டம் இப்படி இருக்கிறது. 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989-இல் விதிகள் போட்டார்கள். அதன்படி சுற்றுச்சூழல் அமைச்சகத்தில் ஜி.இ.ஏ.சி. என்ற மரபணுப் பொறியியல் குழு இருக்கிறது. ஒரு நிறுவனம் புதிய விதையை உருவாக்கினால், நச்சுத்தன்மை உண்டா, ஒவ்வாமை வருமா, சாதாரணக் காயிலுள்ள சத்துகளும் இதிலுள்ளவையும் ஒன்றா என்று சோதித்துக் கோப்பைக் கொடுக்க வேண்டும். எலிகளுக்கு 90 நாள் கொடுத்துப் பார்ப்பார்கள். 90 நாள் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். பல நாடுகளிலும் உள்ள நடைமுறைதான் அது. நாள் கணக்கில் நான் சண்டைக்குப் போகவில்லை. விதையை விற்கப் போகிறவரே சோதனையையும் செய்கிறார், அல்லது காசு கொடுத்துச் செய்ய வைக்கிறார். குழு அந்தக் கோப்பைத்தான் படிக்கிறது. பரீட்சை எழுதியவரே பேப்பர் திருத்துகிற கதை இது.

இது எப்படி நடக்கும் என்பதற்குப் பி.டி. கத்தரிக்காயைவிட நல்ல உதாரணம் இல்லை. அந்தக் கதை நம் பக்கத்து ஊர் வரைக்கும் வந்தது. காய்ப்புழுவைக் கொல்கிற ஒரு பாக்டீரியாவின் மரபணுவை மகிகோ நிறுவனம் கத்தரியில் சேர்த்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் அதில் கூட்டு. மாற்றுவதற்கு எடுத்த தமிழ்நாட்டு ரகங்களில் ஒன்று கே.கே.எம்.1. வல்லநாட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி வெளியிட்ட, சின்னதாகப் பால் நிறத்தில் காய்க்கிற கத்தரி. நம் சந்தையில் கூறுகட்டி விற்கிற காய்.

அதன் நச்சுத்தன்மை, ஒவ்வாமைச் சோதனை விவரங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டார்கள். வணிக ரகசியம் என்று மறுத்தார்கள். தகவல் ஆணையம், நீதிமன்றம் என்று அலைந்து, 2008-இல்தான் அந்தத் தரவுகள் வெளியே வந்தன. தின்னப் போகிற காயைப் பற்றித் தின்னப் போகிறவருக்குச் சொல்ல மாட்டார்களாம்! படிக்கக் கூடாது, கேட்கக் கூடாது, சொல்வதை நம்பு என்று தலைமுறை தலைமுறையாக யாரிடம் சொன்னார்கள் என்று நமக்குத் தெரியும். மந்திரம் போய் அறிக்கை வந்திருக்கிறது. கதவு அதே கதவு.

2009 அக்டோபர் 14-இல் ஜி.இ.ஏ.சி. பி.டி. கத்தரிக்குப் பச்சைக்கொடி காட்டியது. உச்ச நீதிமன்றம் அந்தக் குழுவுக்கு அனுப்பிய விஞ்ஞானி பி.எம். பார்கவா எதிர்த்தார். எதிர்ப்பு வலுத்ததும் அன்றைய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டார். கொல்கத்தா, புவனேஸ்வர், அகமதாபாத், நாக்பூர், சண்டிகர், ஐதராபாத், பெங்களூரு. தமிழ்நாட்டில் ஒரு ஊரும் இல்லை. 2010 பிப்ரவரி 9-இல் அனுமதியை நிறுத்திவைத்தார். அவர் சொன்ன காரணங்களில் முக்கியமானது, சுதந்திரமான சோதனை நடக்கவில்லை என்பது. அந்தத் தடை இன்றும் நீடிக்கிறது. வங்கதேசமோ 2013-இல் அதே கத்தரிக்கு அனுமதி கொடுத்து, 2014 முதல் பயிரிடுகிறது.

இங்கே ஒன்றை வெளிப்படையாகப் பேச வேண்டும். மரபணு மாற்றத்தை எதிர்க்கிற மேடைகளில் 'நம் மண்ணின் தூய விதை', 'கலப்படமாகிவிடும்', 'இயற்கைக்கு விரோதம்' என்று பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். தோழர்களே, தூய்மை என்ற சொல்லைக் கேட்டால் நமக்கு முதலில் சந்தேகம் வர வேண்டும். கலப்பு என்றால் அசிங்கம் என்று சொல்லித்தான் இந்தச் சமூகம் நம்மைச் சேரியில் வைத்தது. தூய ரத்தம் கொண்ட சாதி என்று எதுவும் இல்லை என்று 1936-லேயே 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் வாதாடினார். ஒரு உயிரின் மரபணு இன்னொன்றுக்குள் போவது பாவம் என்று நாம் பேச முடியாது. பகுத்தறிவு பேசுகிறவர்கள் ஆதாரத்தைக் கேட்போம். ஆதாரம் நன்றாக இருந்தால் ஏற்போம். அதை ஒளித்தால் விடமாட்டோம்.

அடுத்தது உடம்பு. ஆய்வு அறிக்கைகளில் விவசாயி இருக்கிறார், நுகர்வோர் இருக்கிறார். கூலிக்குப் போகிறவர் எங்கே? என் அம்மா இந்தக் கரிசல் காட்டில் முப்பது வருடம் பருத்தி எடுத்தார், களை வெட்டினார். இந்த அறிக்கைகளைப் பற்றி ஒரு நாள் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏட்டி, இதெல்லாம் எழுதுனவங்க ஒரு நாளாவது களைவெட்டுக்கு வந்திருக்காங்களா?" என்றார். என் முனைவர் பட்டத்துக்கு அதைவிட நல்ல கேள்வியை யாரும் கொடுத்ததில்லை.

அந்தக் கேள்வி இரண்டு பக்கமும் வெட்டும். கத்தரிக்கு மருந்தடிப்பவரும் நம்மவர்தான். ஒரு விதை மருந்தடிப்பதை உண்மையிலேயே குறைத்தால் முதலில் மூச்சுவிடப் போவது அவர். அதை மறைக்கக் கூடாது. ஆனால் 2017-இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பூச்சிமருந்து தாக்கி ஏறத்தாழ 20 பேர் செத்துப் போனார்கள். பருத்திக் காட்டில் மருந்தடித்தவர்கள், அவர்களில் பலர் கூலிகள். பி.டி. பருத்தி வந்து பதினைந்து வருடம் கழித்து! இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்குள் அந்த விதையை எதிர்த்து நிற்கப் பழகியிருந்தது. எலிக்குச் செய்த 90 நாள் சோதனையில் இந்தச் சாவுக்கு இடமே இல்லை.

இன்னொரு வகை விதை, களைக்கொல்லியைத் தாங்குவது. மருந்தடித்தால் களை சாகும், பயிர் நிற்கும். அப்போது களைவெட்டுக்கு ஆள் வேண்டாம். களைவெட்டுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத பெண்கள், அவர்களிலும் அதிகம் தலித் பெண்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த தொழில்நுட்ப நிபுணர் குழுவின் பெரும்பான்மை உறுப்பினர்கள், கிராமப்புற வாழ்வாதாரத்தையும் காரணமாகக் காட்டி, இந்த வகை இந்தியாவுக்குப் பொருந்தாது என்று 2013-இல் எழுதினார்கள். 2022 அக்டோபரில் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்த டி.எம்.எச்.11 கடுகிலும் களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு இருக்கிறது.

அந்தக் கடுகு வழக்கில் 2024 ஜூலை 23-இல் இரண்டு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு கொடுத்தார்கள். ஆனால் இதில் ஒத்துப் போனார்கள்: தேசியக் கொள்கை வேண்டும், அதற்குக் கலந்தாலோசனை வேண்டும். யாருடன்? வேளாண், உயிர்த்தொழில்நுட்ப நிபுணர்கள், மாநில அரசுகள், விவசாயிகளின் பிரதிநிதிகள் முதலானோருடன். என் அம்மா அந்த 'முதலானோர்' என்ற சொல்லுக்குள் எங்கேயோ நிற்கிறார்.

லேபிள் ஒட்டினால் போதாதா என்று கேட்பார்கள். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு மரபணு மாற்று உணவைக் கட்டுப்படுத்தச் சொல்கிறது. அதற்கான வரைவு விதி 2021 நவம்பரில்தான் வந்தது, 2022-இல் திருத்தினார்கள். ஒரு சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் லேபிளில் போட வேண்டும் என்றது வரைவு. லேபிள் வேண்டும்தான். ஆனால் லேபிள் பாக்கெட்டுக்குத்தான் ஒட்டும். கூறுகட்டிய கத்தரிக்காய்க்கும், சில்லறையாக வாங்குகிற எண்ணெய்க்கும், பருத்திப்பாலுக்கும் எங்கே ஒட்டுவது? தேர்ந்தெடுக்கக் காசு உள்ளவருக்கு லேபிள். மற்றவருக்கு அரசின் சோதனை ஒன்றுதான் காவல். அதனால்தான் அந்தச் சோதனை நேர்மையாக இருக்க வேண்டும் என்று நாம்தான் அதிகம் சத்தம் போட வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை நான்கு. சோதனையை நிறுவனத்தின் பிடியில் இல்லாத பொது ஆய்வகம் செய்யட்டும். முடிவுகள் முழுமையாக, தமிழிலும் வரட்டும். கருத்துக்கேட்பு நகரத்து அரங்கில் மட்டும் நடக்காமல், கூலி போகாத நாளில் கிராம சபையில் நடக்கட்டும். எத்தனை பேர் வேலை இழப்பார்கள், மருந்தடிப்பவருக்கு என்ன ஆகும் என்பதும் பாதுகாப்பு ஆய்வில் சேரட்டும்.

திரும்பிப் போகும்போது அந்த வண்டிக்காரரிடம் இன்னொரு டம்ளர் வாங்கப் போகிறேன். "யாரு கண்டா?" என்று அவர் கேட்டதற்கு இன்று என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைச் சொல்லும் கடமை அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அது யாருடைய கடமையோ அவர்களிடம் போய்க் கேட்போம்.

ஜெய்பீம்.