ஏற்றத்தில் நிற்கும் வண்டி



விடுமுறைக்கு அருள்புரத்திலிருந்து வால்பாறைக்குக் காரில் போகிறோம். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏற்றத்தில் முன்னால் பேருந்து நிற்கிறது. நமக்குப் பின்னால் இருசக்கர வண்டியில் ஒரு தாய், தகப்பன், பிள்ளை. பதறிக் கிளட்சை விட்டால் எஞ்சின் அணையும். கார் பின்னோக்கி உருளும்.

முதலில் ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். முதல் கியரில், ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடி கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் சத்தம் தாழ்ந்து, வண்டி அதிரும். அப்போது பாதத்தை அசைக்காமல் ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். வண்டி முன்னே நகரும். கிளட்சிலேயே வண்டியைத் தாங்கி நிற்காதீர்கள், பிளேட் தேய்ந்துவிடும்.

குறுகிய மலைப்பாதையில் ஏறுபவருக்கே முதல் வழி என்பது சட்டம். நின்று புறப்படும் சிரமம் அவருக்கே அதிகம். இறங்கும்போது அதை நினைப்போம். ஏறும்போது பின்னால் நிற்கும் பிள்ளையை நினைப்போம்.