பட்டிப்பூவின் மருந்தும் இரண்டு ஊசிகளும்



கோயில் வீதியோரத்திலும் வீட்டு முற்றத்திலும், நீர் வார்ப்பார் இன்றியே ஆண்டு முழுவதும் பூத்து நிற்கும் செடியொன்று உண்டு. அதனைப் பட்டிப்பூ என்பர் சிலர். நித்தியகல்யாணி என்பர் வேறு சிலர். மடகாஸ்கர்த் தீவிலே தோன்றி வெப்ப நாடுகளெங்கும் பரவிய இச்செடி மிகுந்த கசப்புடையது. இதிலிருந்து எடுக்கப்படும் வின்கிறிஸ்ரின் என்னும் மருந்து, இரத்தப் புற்றுநோயால் வாடும் எண்ணிறந்த குழந்தைகளுக்கு வாழ்வளித்து வருகின்றது. இரத்த நாளத்தின் வழியே செலுத்தப்படும்போது உயிர் காக்கும் இம்மருந்து, வேறொரு வழியாற் சென்றால் உயிரைக் கொள்வது. அவ்விரு வழிகளையும் பற்றியதே இப்பேச்சு.

இம்மருந்தின் இனம் கண்டறியப்பட்ட விதம் சுவையானது. பட்டிப்பூ இலையின் கஷாயம் நீரிழிவைத் தீர்க்கும் என்பது பல நாடுகளில் நிலவிய நம்பிக்கை. 1952ஆம் ஆண்டில் ஜமேக்காவிலிருந்து கனடாவுக்கு ஒரு கடித உறையிலே இவ்விலைகள் சில வந்து சேர்ந்தன. ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரில் ஆராய்ச்சி புரிந்துவந்த றொபேட் நோபிள் என்பார் அவற்றின் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். இரத்தத்திற் சர்க்கரை குறையவில்லை; வெள்ளணுக்களே குறைந்தன. இரத்தப் புற்றுநோயோ வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகும் நோய். தேடியது கிடைக்கவில்லை என்று இலையை வீசிவிடாமல், கிடைத்தது யாது என்று நோக்கியதிலேதான் அவருடைய பெருமை இருக்கிறது. அவரும் சாள்ஸ் பியர் என்னும் இரசாயன அறிஞரும் முதலாவது மருந்தைப் பிரித்தெடுத்து 1958இல் அறிவித்தனர். அதன் உடன்பிறப்பாகிய வின்கிறிஸ்ரின் 1963இல் அமெரிக்காவிலே வைத்தியப் பாவனைக்கு அனுமதி பெற்றது.

உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும்போது, மிக நுண்ணிய இழைகள் தோன்றி அதன் உட்பொருள்களை இருபுறமும் இழுத்துப் பங்கிடுகின்றன. வின்கிறிஸ்ரின் அவ்விழைகளை உருவாகவொட்டாது தடுக்கிறது. ஓயாது பிரிந்து பெருகும் புற்றணு அதனால் மடிகிறது. ஆனால் அதே வகை இழைகள் நரம்புகளிலும் உள்ளன. முள்ளந்தண்டிலிருந்து கால்விரல் வரை நீளும் நரம்புக்குள்ளே வேண்டிய பொருள்களைக் கொண்டு செல்லும் பாதைகள் அவையே. ஆகவே இம்மருந்து புற்றுக்குப் பகையாவது போலவே நரம்புக்கும் ஓரளவு பகையாகும். இதனை மனத்திற் கொண்டால் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

இரத்தப் புற்றுநோய் மூளையையும் முள்ளந்தண்டையும் சூழ்ந்த நீரிலே ஒளிந்துகொள்ளும் இயல்புடையது. நாளத்திற் செலுத்தும் மருந்துகளுட் பல அவ்விடத்தை நன்கு எட்டுவதில்லை. அதனால் வேறு சில மருந்துகளை இடுப்பின் பின்புறத்தில் ஊசியேற்றி நேரே அந்நீரிலே கலப்பர். ஆக, ஒரே நோயாளிக்கு, சில வேளைகளில் ஒரே நாளில், இரண்டு ஊசிகள்: ஒன்று கையின் நாளத்துக்கு, மற்றையது முள்ளந்தண்டுக்கு. நாளத்துக்குரிய வின்கிறிஸ்ரின் தவறி முள்ளந்தண்டு நீரிற் கலந்துவிட்டால், நரம்பு மண்டலம் கீழிருந்து மேலாகச் செயலிழக்கும். சில நாட்களிலோ வாரங்களிலோ மரணம் நேர்வதே பெரும்பாலும் முடிவு. அதற்கு மாற்று மருந்து இல்லை.

இது கற்பனையான அச்சமன்று. முள்ளந்தண்டில் மருந்து தவறாக ஏற்றப்பட்டு 1985 முதல் 13 பேரேனும் இறந்தோ முடமாகியோ போயினர் என்று பிரித்தானிய சுகாதாரத் திணைக்களத்தின் அறிக்கையொன்று 2000ஆம் ஆண்டிலே கூறிற்று. 2001 முடிவதற்குள் இத்தவற்றை அறவே ஒழிப்பதென்றும் உறுதி பூண்டனர். அவ்வாண்டு பிறந்து நான்காம் நாள், ஜனவரி 4ஆந் தேதி, நொட்டிங்காம் நகரத்து வைத்தியசாலையொன்றுக்கு 18 வயது இளைஞர் ஒருவர் சிகிச்சைக்காக வந்தார். நோய் தணிந்திருந்த நிலை. நல்வாழ்வுக்கு இடமிருந்த நிலை. அவருக்குரிய இரு மருந்துகளும் ஒருங்கே அவ்விடத்துக்கு வந்தன. இரண்டும் ஊசிக்குழல்களில் அடைக்கப்பட்டவை. மேலே எழுதியிருந்ததே வேற்றுமை. ஊசியேற்றிய இளைய வைத்தியர் ஐயுற்று, இது முள்ளந்தண்டுக்குத்தானா என்று கேட்டார். மேற்பார்வை செய்த மூத்தவர் ஆமென்றார். அவரோ அப்பதவிக்குப் புதிதாக வந்தவர். இளைஞர் பெப்ரவரி 2ஆந் தேதி இறந்தார்.

மூத்த வைத்தியர் பின்னர் நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டார். ஆயின், அரசாங்கம் வெளியாரைக் கொண்டு நடத்திய விசாரணை ஒரு மனிதரோடு நிற்கவில்லை. இரு ஊசிகளும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வந்தது ஏன்? நாளத்துக்குரிய குழல் முள்ளந்தண்டு ஊசியிலும் அப்படியே பொருந்தியது ஏன்? புதியவருக்கு முறையான பயிற்சி அளிக்கப்படாதது ஏன்? இக்கேள்விகளே பயன் தந்தன. “கவனமாயிருங்கள்” என்று சுவரில் எழுதி ஒட்டுவது எல்லா நிலையங்களிலும் நடைபெறும் மலிவான காரியம். அதனால் விளைந்த நன்மையை எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே.

உண்மையான பரிகாரம் மிகச் சாதாரணமான ஒரு பொருளாக இருந்தது. ஊசிக்குழலிலே மருந்தை அடைப்பதை விடுத்து, சுமார் 50 மில்லிலீற்றர் சேலைன் கொண்ட சிறிய பையிலே அதனைக் கலந்து, குழாய் மூலம் நாளத்தில் இறக்குவது. முள்ளந்தண்டு நீரிலே செலுத்தும் மருந்து சில மில்லிலீற்றரே. தொங்கும் பையொன்றைக் கொண்டுவந்து முதுகிலே ஏற்ற எவரும் முனையார்; முனைந்தாலும் அதன் தோற்றமே கையைத் தடுக்கும். களைத்துப்போன வைத்தியரின் நினைவாற்றலை நம்பியிராமல், பாத்திரத்தின் வடிவத்தையே காவலாக நிறுத்திய யோசனை இது. 2007இல் உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளுக்கும் இம்முறையைப் பரிந்துரைத்தது. நாளத்துக்குரிய குழல் பொருந்தாத முள்ளந்தண்டு ஊசிகளும் பின்னர் ஆக்கப்பட்டுள்ளன.

இனி, நோயாளியும் வீட்டாரும் அறிய வேண்டியன. வின்கிறிஸ்ரின் நாளத்துக்குள் இருக்கும் வரை நன்று. நாளத்தை விட்டு வெளியே கசிந்தால் சுற்றியுள்ள தசையைப் புண்ணாக்கிவிடும். மருந்து இறங்கும்போது எரிவோ வலியோ வீக்கமோ தோன்றினால் அக்கணமே தாதிக்குச் சொல்ல வேண்டும். நம் தாய்மார் “கொஞ்சம் பொறு பிள்ளை, இப்ப முடிஞ்சிடும்” என்று குழந்தையைத் தேற்றுவது வழக்கம். மற்றெந்த ஊசிக்கும் அது பொருந்தலாம், இதற்குப் பொருந்தாது. உடனே சொன்னால் மருந்தை நிறுத்தி, கசிந்ததை இயன்றவரை உறிஞ்சியெடுத்து, அவ்விடத்துக்கு இளஞ்சூட்டு ஒத்தடம் கொடுப்பார்கள். வேறு சில புற்றுநோய் மருந்துகள் கசிந்தால் குளிர் ஒத்தடம், இதற்குச் சூடு. எனவே அருகிலிருப்பவர் தாமாகப் பனிக்கட்டியை வைத்தல் ஆகாது.

வீடு திரும்பிய பின் நரம்பின் குறிகளைக் கவனித்தல் வேண்டும். விரல் நுனிகள் மரத்துப் போதல், சட்டைப் பொத்தானைப் பூட்ட இயலாமை, நடக்கையிற் பாதம் தொங்கித் தரையில் அடிபடுதல், தாடை வலி ஆகியன அவை. பெரியவர் தாமே சொல்வர். குழந்தையோ சொல்லாது, எழுத்துக் கோணலாகும், ஓடி விளையாடிய பிள்ளை மூலையில் அமரும். அதனைச் சோம்பல் என்று கடிந்துகொள்ளாமல் அடுத்த முறை வைத்தியரிடம் கூறினால், அளவைக் குறைப்பதா, இடைநிறுத்துவதா என்று அவர் தீர்மானிப்பார். குடல் நரம்பும் தளர்வதால் மலச்சிக்கல் வரும். அது வெட்கத்துக்குரிய பேச்சென மறைக்கப்படுவதால் வீணே துன்பம் பெருகுகிறது. மலமிளக்கி மருந்தை வைத்தியர் தருவார். தண்ணீரும் பழங்களும் துணை செய்யும். வயிறு ஊதி, சில நாட்களாக மலம் போகாதிருந்தால் காத்திருத்தல் கூடாது. காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தொட்டால் இரவாயினும் வைத்தியசாலைக்குப் போதல் வேண்டும். உடன் பெறும் பிற மருந்துகள் நோய் எதிர்ப்பைக் குறைத்திருக்கும்.

வேறு வைத்தியரிடம் செல்ல நேர்ந்தால் இச்சிகிச்சையைப் பற்றி முதலிலேயே கூறிவிட வேண்டும். பங்கசு நோய்க்குக் கொடுக்கும் இற்றாக்கொனசோல் போன்ற மாத்திரைகள், ஈரலில் வின்கிறிஸ்ரின் கழிவதைத் தடுத்து அதன் நஞ்சைப் பன்மடங்காக்கும்.

இறுதியாக அந்தப் பட்டிப்பூ. மருந்து அச்செடியிலிருந்துதானே வருகிறது, இலையை அவித்துக் குடித்தாலென்ன என்று கேட்பவர் உளர். ஒரு கிராம் வின்கிறிஸ்ரின் எடுக்கச் சுமார் 500 கிலோகிராம் உலர்ந்த இலை வேண்டும் என்பர். நோயாளி ஒரு தடவையிற் பெறுவதோ வழக்கமாக 2 மில்லிகிராமுக்கு மேற்படாது. அதனையும் உடலின் பரப்பைக் கணக்கிட்டே அளப்பார்கள். இலையிலே வேறு நச்சுப் பொருள்கள் பல உள. கஷாயத்தில் எது எவ்வளவு இறங்கிற்று என்பதை அளக்கும் கருவி எந்த அடுக்களையிலும் இல்லை. செடி முற்றத்திலே பூத்திருக்கட்டும். மருந்து வைத்தியசாலையிலிருந்து, பையிலே வரட்டும்.