பெல்ட் வண்டியா, டயர் வண்டியா? டெல்டா அறுவடையில் ஒரு பெஞ்ச்மார்க் கணக்கு

வழக்கம்போல அடையாறுல என் ரூம்லேர்ந்துதான் ரெக்கார்டிங். நடுவுல பஸ் ஹாரன் கேட்டா கண்டுக்காதீங்க.

போன் வாங்குறதுக்கு முன்னாடி பத்து ரிவ்யூ பார்க்கிற ஆளுங்க நாம. இன்னிக்குப் பேசப்போற மெஷினுக்கு அந்த மாதிரி ரிவ்யூ ரொம்பக் கம்மி. ஆனா தி. நகர் மெஸ்ல நம்ம இலைக்கு வர்ற சோறு, பெரும்பாலும் அதோட வயித்துக்குள்ள போயிட்டுத்தான் வருது. நெல் அறுவடை மெஷின். கம்பைன் ஹார்வெஸ்டர்.

என் மாமா மன்னார்குடி பக்கம் மூணு ஏக்கர் வெச்சிருக்கார். சீசன் வந்தா வீட்ல ஒரே கேள்விதான்: "பெல்ட் வண்டி சொல்லலாமா, டயர் வண்டி சொல்லலாமா?" கேட்க சின்னக் கேள்வி. இதுல தப்பா முடிவெடுத்தா ஏக்கருக்கு மூட்டைக் கணக்குல நெல் போயிடும்.

ரெண்டு வண்டி, ரெண்டு உலகம்

டயர் வண்டிங்கிறது பஞ்சாப் பாணி. பெரும்பாலும் 14 அடி அகலத்துக்கு வெட்டும், 100 குதிரைத்திறன் அளவுக்கு இன்ஜின். காஞ்ச, பெரிய வயல்ல இதை அடிச்சுக்க ஆளே இல்ல. பெல்ட் வண்டின்னா குபோட்டா, கிளாஸ் கிராப் டைகர் மாதிரி. வெட்டுற அகலம் சுமார் 2 மீட்டர்தான், அதாவது டயர் வண்டியில பாதி. ஸ்பெக் ஷீட்டை மட்டும் பார்த்தா டயர் வண்டிதான் ஜெயிக்குது. வாடகையும் மணிக்கு அதுக்குத்தான் கம்மி.

அப்புறம் ஏன் டெல்டாவுல பெல்ட் வண்டிக்கு அவ்வளவு அடிதடி? காரணம் சேறு. குறுவை அறுவடைக்கு வர்றது செப்டம்பர், அக்டோபர்ல. சரியா வடகிழக்குப் பருவமழை வந்து கதவைத் தட்டுற நேரம். களிமண் பூமியில ஒரு மழை பெஞ்சா, டயர் வண்டியோட மொத்த எடையும் நாலு டயர் தரையைத் தொடுற இடத்துல மட்டும் இறங்கும். வண்டி புதைஞ்சிடும், அதை இழுக்க டிராக்டர் தேடணும். பெல்ட் வண்டி அதே எடையை நீளமான ரப்பர் பட்டை முழுக்கப் பரப்பிடுது. சேத்துல பலகை போட்டு நடக்கிற அதே லாஜிக்.

அதனால "எது நல்ல வண்டி"ன்னு கேட்கிறதுல அர்த்தம் இல்ல. எந்த வயல், எந்த மாசம், தண்ணி எப்போ வடிச்சாங்க, இதைச் சொன்னாத்தான் பதில். ஜனவரியில நல்லாக் காஞ்ச சம்பா வயலா? டயர் வண்டி தாராளமாப் போகும். அக்டோபர்ல கால் வெச்சா கணுக்கால் வரைக்கும் இறங்குதா? யோசிக்கவே வேணாம், பெல்ட்தான்.

46 நெல்மணி

இப்ப என் ஏரியாவுக்கு வர்றேன், அளவீடு. "மணிக்கு எத்தனை ஏக்கர்"னுதான் எல்லாரும் கேட்கிறாங்க. நான் கேட்கச் சொல்றது, "வயல்ல எவ்வளவு நெல்லை விட்டுட்டுப் போகுது?"

இதுக்கு லேப் எதுவும் வேணாம். வண்டி போன தடத்துல, அது வெட்டுற அகலம் முழுக்க நாலஞ்சு இடத்துல ஒரு சதுர அடி அளந்து, கீழ கிடக்கிற மணியை எண்ணுங்க. சராசரி எடுங்க. வண்டி வர்றதுக்கு முன்னாடியே தானா உதிர்ந்ததைத் தனியா எண்ணிக் கழிச்சிடுங்க.

ஆயிரம் நெல்மணி 20 கிராம்னு வெச்சுப்போம். ரகத்துக்கு ரகம் மாறும், கணக்குக்காகச் சொல்றேன். சதுர அடிக்கு 46 மணின்னா சதுர மீட்டருக்கு சுமார் 500 மணி, அதாவது 10 கிராம். ஒரு ஏக்கர்ங்கிறது 4,047 சதுர மீட்டர். ஆக ஏக்கருக்கு 40 கிலோ போச்சு. நேரடி நெல் கொள்முதல் நிலையத்துல ஒரு மூட்டைன்னா அதே 40 கிலோதான். 2025-26 சீசன்ல சாதாரண ரகத்துக்குத் தமிழ்நாட்டு விலை ஊக்கத்தொகையோட சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். ஒரு மூட்டை ஆயிரம் ரூபாய். மாமாவோட மூணு ஏக்கருக்கு மூவாயிரம்.

46 மணி ஒரு கைப்பிடி கூட வராது. அதனாலதான் யாரும் குனிஞ்சு பார்க்கிறதில்ல. வாடகையில ஐநூறு ரூபாய் மிச்சம்னு வண்டியை மாத்துறவங்க, இந்த ஆயிரத்தையும் கணக்குல சேர்க்கணும்.

கீழ கிடக்கிறது எல்லாமே ஒரு எரர் லாக். வைக்கோல்ல மணி உதிராத கதிர் இருந்தா, உள்ள அடிக்கிற டிரம் வேகம் பத்தல. டேங்க்ல உடைஞ்ச மணி நிறைய இருந்தா வேகம் ஜாஸ்தி. பதரோட சேர்ந்து நல்ல மணியும் பறந்தா, காத்தாடியைக் குறைக்கணும். எல்லாத்தையும் தாண்டி, டிரைவர் ரொம்ப ஸ்பீடாப் போனா சல்லடை சமாளிக்காது. பாதிப் பிரச்சினை செட்டிங்ல இருக்கு, வண்டியோட பிராண்ட்ல இல்ல.

பயிர் சாஞ்சா?

மழையில பயிர் சாஞ்சிடுச்சுன்னா கதையே வேற. மாப்பிள்ளைச் சம்பா மாதிரி உயரமான ரகங்கள் சீக்கிரம் சாயும். அப்போ சாஞ்ச திசைக்கு எதிர்ல இருந்து வெட்டணும், மெதுவா. ஒரு மணி நேர வேலை ரெண்டு மணி நேரமாகும். வாடகை மணிக்கணக்குங்கிறதால அந்த மழையோட பில்லும் விவசாயி தலையிலதான். ஏக்கர் கணக்குல பேசிட்டாலோ, டிரைவர் வேகமா முடிக்கத்தான் பார்ப்பார், மணி கீழ போகும். எந்த மெட்ரிக் வெச்சாலும் யாராவது அதுக்கேத்த மாதிரி வளைஞ்சுப்பாங்கன்னு ஆபீஸ்ல நமக்கு நல்லாவே தெரியுமே.

தள்ளிப்போடவும் முடியாது. சாஞ்ச கதிர் தண்ணியில கிடந்தா அங்கேயே முளைவிட்டுடும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினா, தளர்வு அறிவிக்காத வரைக்கும் கொள்முதல் நிலையத்துல சிக்கல். அந்த நேரம் பார்த்து ஊர் முழுக்க வண்டி கேட்கும், வாடகை ஏறும். கலெக்டர் முத்தரப்புக் கூட்டம் போட்டு ரேட் நிர்ணயிக்கிறது இதுக்காகத்தான். வேளாண் பொறியியல் துறை வண்டி வாடகை கம்மி, வண்டி எண்ணிக்கையும் கம்மி. உழவன் ஆப்ல புக் பண்ணலாம்.

நெல்லைத் தாண்டி

அதே வண்டியை மக்காச்சோளத்துல விட்டா? பெரம்பலூர், அரியலூர் பக்கம் மக்காச்சோளம் நிறைய. அதுக்கு முன்பக்க வெட்டும் பகுதியே வேற. டிரம்மும் மெதுவாச் சுத்தணும், இல்லன்னா மணி உடையும். உளுந்துல காய் தரையை ஒட்டிப் பிடிக்கும், ரொம்பத் தாழ்வா வெட்டினா மண்ணும் கல்லும் உள்ள போகும். டிரம் வேகத்தைக் குறைக்கலன்னா உளுந்து உள்ள போய் உடைச்ச பருப்பா வெளிய வரும்!

உளுந்துக்கு இன்னொரு வேதனை இருக்கு. டெல்டாவுல சம்பா, தாளடி அறுக்கிறதுக்குச் சில நாள் முன்னாடியே, நிக்கிற நெல்லுக்குள்ள உளுந்து, பயறு தெளிச்சிடுவாங்க. மிச்ச ஈரத்துலயே அது வளர்ந்திடும். தனி உழவு வேணாம், தண்ணி வேணாம். ஆளு அறுத்த வரைக்கும் இது அருமையான ஏற்பாடு. இப்போ முளைச்ச கன்னு மேலேயே வண்டி ஏறுது, அதுமேல வைக்கோலும் விழுந்து மூடுது. ஆள் கிடைக்காத ஊர்ல மெஷின் இல்லாம நெல் வீடு வராது. அந்த மெஷினே அடுத்த வருமானத்தை மிதிச்சிட்டுப் போகுது. எந்த பிரோஷர்லயும் இந்த நம்பர் வராது, ஆனா மாமா பெல்ட்டா டயரான்னு கேட்கும்போது அவர் மனசுல ஓடுறது இதுவும்தான்.

வைக்கோலையும் விட்டுடாதீங்க. இங்க அது மாட்டுத் தீவனம், காசு. சேத்துல மிதிபட்டா, ரொம்ப நொறுங்கினா அந்தக் காசும் குறையும்.

ஆக என் ஸ்கோர் கார்டு இதுதான்: வாடகை, விழுந்த மணி, வைக்கோல், அடுத்த பயிர். நாலையும் கூட்டி ஏக்கருக்கு எவ்வளவு மிஞ்சுதுன்னு பாருங்க. வேகம் அதுல ஒரு சின்ன பங்குதான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போறவங்க, அறுத்த வயல்ல ஒரு சதுர அடி அளந்து மணியை எண்ணுங்க. எந்த வண்டி, வயல் காஞ்சதா ஈரமா, எத்தனை மணி, இந்த மூணையும் எனக்கு அனுப்புங்க. போதுமான அளவு வந்தா, ஷீட்ல போட்டு அடுத்த எபிசோடுல பேசலாம்.