கண்ணாடியைக் கழற்றும் முன்
(சங்கக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கண் பரிசோதகரான நம் குடியிருப்புவாசி ஒருவர் பேசியது)

நம் குடியிருப்பில் இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் கண்ணுக்கு லேசர் செய்துகொள்ளப் போகிறார்கள். "எந்த முறை நல்லது அங்கிள்?" என்று லிஃப்டில் கேட்டார்கள். லிஃப்டில் சொல்லி முடிகிற விஷயமா இது?

லேசிக், பி.ஆர்.கே. இரண்டிலும் கருவிழியைச் செதுக்குவது எக்சைமர் லேசர்தான். அது திசுவைக் கருக்காமல் செதுக்கும் என்று 1981-ல் ஐ.பி.எம். ஆய்வகத்தில் கண்டறிந்த மூவரில் ஒருவர் சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன். சோதித்தது விருந்தில் மிஞ்சிய வான்கோழியில்!

வித்தியாசம், லேசர் படுவதற்கு முன் மேற்பரப்பை எப்படித் தயார் செய்கிறார்கள் என்பதில்தான். லேசிக்கில் மெல்லிய மூடி போல ஒரு படலத்தை வெட்டித் திறந்து, பிறகு மூடுவார்கள். மறுநாளே பார்வை தெளியும். ஆனால் அந்த மூடி பழைய உறுதியோடு ஒட்டுவதில்லை. பலத்த அடி பட்டால் நகரலாம். கபடி, பாக்ஸிங் ஆடுகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

பி.ஆர்.கே.யில் மூடி கிடையாது. சுமார் 50 மைக்ரான் தடிமனுள்ள மேல்தோலை எடுத்துவிடுவார்கள். 20 சதவீத ஆல்கஹாலை அரை நிமிடம் போல வைத்துத் தளர்த்தி வழித்தெடுக்கலாம், சுழல் பிரஷால் நீக்கலாம், லேசராலேயே நீக்கலாம். கடைசி வகையைத்தான் 'தொடாத லேசர்' என்று விளம்பரம் செய்கிறார்கள். சில மாதம் கழித்துப் பார்த்தால் மூன்றிலும் பார்வை ஏறக்குறைய ஒன்றுதான். எதில் செய்தாலும் தோல் வளர மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். அதுவரை பாதுகாப்பு லென்ஸ், எரிச்சல், கண்ணீர் எல்லாம் உண்டு. பைக் ஓட்டக் கூடாது. நம் ஊர்க் கடற்கரை வெயிலுக்குச் சில மாதம் கூலிங் கிளாஸ் அவசியம். இல்லாவிட்டால் கருவிழியில் மங்கல் படியலாம்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது முன்பரிசோதனை. கருவிழி மொத்தமே அரை மில்லிமீட்டர் சொச்சம். அது மெல்லியதாக இருந்தாலோ, கூம்பு போலப் புடைக்கத் தொடங்கியிருந்தாலோ செதுக்கினால் இன்னும் பலவீனமாகும். ஒருமுறை, ஸ்கேனில் கூம்பு தெரிந்ததும் டாக்டர் வேண்டாமென்றார். "பேக்கேஜ் பணம் கட்டியாச்சு சார்" என்று என்னிடம் சண்டை போட்டான் ஒரு பையன். சின்ன வயதிலிருந்தே கண்ணைக் கசக்குகிற பழக்கம் அவனுக்கு. தவளக்குப்பம் அரவிந்துக்குப் போனாலும் சென்னைக்குப் போனாலும் அந்தப் பழக்கத்தை டாக்டரிடம் மறைக்காதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள், ஸ்கேனுக்கு எத்தனை நாள் முன்பே கழற்ற வேண்டும் என்று கேளுங்கள். லென்ஸ் கருவிழியின் வடிவத்தையே மாற்றிக் காட்டும்.

அந்த இருவரும் ஸ்கேன் தாளோடு ஞாயிறு மாலை சங்க அறைக்கு வரட்டும், உட்கார்ந்து பார்ப்போம். லிஃப்டில் வேண்டாம்.