மணமருத்துவப் பயிற்சி: தேர்ந்து தெளிக

(விருதுநகரில் நம் சங்க மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சங்கத்தார் எம்மை இன்று பேசப் பணித்த பொருள் புதியது. ‘அரோமாதெரபி’ என்று மேனாட்டார் கூறும் மணமருத்துவத்தைக் கற்பிக்கும் வகுப்புகள் இந்நாளில் துண்டு விளம்பரங்களாலும் கைப்பேசியாலும் நம் ஊர்களிற் பரவி வருகின்றன. அவற்றுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதே பொருள். தமிழ்ப் பண்டிதனுக்கு இதில் என்ன வேலை என்று தாங்கள் வினவலாம். காரணம் உண்டு.

சில மாதங்களுக்கு முன் எம்மிடம் பயின்ற பெண்ணொருத்தி எம் இல்லத்திற்கு வந்தாள். அவள் தாயார் சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலையொன்றில் திரி வைக்கும் வேலை செய்பவர். காதுத் தோட்டை அடகு வைத்து மகளை ஒரு மாத வகுப்பிற் சேர்த்திருந்தார். “ஐயா, தீப்புண்ணுக்கு லாவெண்டர் எண்ணெயை அப்படியே ஊற்றலாம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் தெருவுக்கு இது மிகவும் உதவும்” என்று மகிழ்ச்சியோடு கூறினாள். அதைக் கேட்டு எமக்கு அச்சம் உண்டாயிற்று. எந்தத் தெருவிலும் அது தவறான பாடம். பட்டாசுத் தொழிலாளர் வாழும் தெருவிலோ உயிருக்கே கேடு.

இப்பாடம் எங்கிருந்து வந்தது? பிரான்சு தேசத்தில் ரெனே மோரிஸ் கட்டஃபோசே என்ற வாசனைப்பொருள் இரசாயனி இருந்தார். 1910ஆம் ஆண்டில் அவருடைய சோதனைச்சாலையில் நேர்ந்த வெடிவிபத்தில் அவர் தீப்புண்பட்டார். பின்னர்ப் புண் அழுகத் தொடங்கியபோது லாவெண்டர்ச் சாரத்தாற் கழுவியதாக அவரே எழுதியுள்ளார். 1937இல் ‘அரோமாதெரபி’ என்ற பெயரோடு நூலும் வெளியிட்டார். நாளடைவில் இக்கதை திரிந்து, கை வெந்தவுடன் லாவெண்டர்த் தொட்டியில் அமிழ்த்தினார் என்றும், அக்கணமே ஆறியது என்றும் வளர்ந்துவிட்டது. வளர்ந்த கதையைப் பாடமாக ஓதும் ஆசிரியரிடம் தொழிற்கல்வி எப்படி நிற்கும்?

தீப்பட்ட இடத்தில் குளிர்ந்த குழாய்நீரை 20 நிமிடம் ஓடவிடல் வேண்டும். பின் தூய துணியால் மூடி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லல் வேண்டும். எண்ணெய், மை, பற்பசை எதுவும் ஆகாது. எனவே வகுப்பிற் சேருமுன் ஆசிரியரை நோக்கி, “தீப்புண்ணுக்கு என் செய்வது?” என்று கேளுங்கள். ‘எண்ணெய்’ என்று விடை வந்தால் அன்றே வீடு திரும்புங்கள். இதுவே முதற் சோதனை.

இரண்டாவது சோதனை சரக்கறிவு. எண்ணெய் வணிகத்தில் வளர்ந்த இவ்விருதுநகரத்தார்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் வேறு. நீராவியால் வடித்த சாரம் வேறு. முன்னது கொழுப்பு. பின்னது ஆவியாய்ப் பறப்பது, எளிதில் தீப்பற்றுவது, தோலைப் புண்ணாக்க வல்லது. ஆகையால் தோலிற் பூசுமுன் நல்லெண்ணெய் போன்றதொன்றிற் கலந்து தணித்தல் முறை. நூற்றுக்கு இரண்டு என்னும் அளவில் 30 மில்லிலிட்டர் எண்ணெய்க்கு ஏறத்தாழ 12 துளி. பெர்கமாட் சாரத்தைப் பூசி வெயிலிற் சென்றால் தோல் வெந்துபோகக்கூடும். கற்பூரமும் யூக்கலிப்டஸ் தைலமும் குழந்தை வயிற்றுட் சென்றால் வலிப்புக் காணும். நம் மதுரை மல்லிகையோ நீராவியின் வெப்பத்தைத் தாங்காது. அதன் மணத்தைக் கரைப்பான் கொண்டு பிரித்தெடுப்பர். இவற்றையெல்லாம், சிறப்பாகச் ‘செய்யத் தகாதவை எவை’ என்பதை, முதல் வாரத்திலேயே கற்பிக்கும் வகுப்பே வகுப்பு. புட்டிகளை விற்பதையே பாடமாக வைத்திருப்பது கடை.

மூன்றாவது, சான்றிதழின் தகுதி. நம் தேசத்தில் ஆங்கில மருத்துவத்துக்கும், சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஓமியோபதி முதலியவற்றுக்கும் சட்டமும் பதிவேடும் உண்டு. மணமருத்துவம் அவ்வரிசையில் இல்லை. ஆகவே எந்தச் சான்றிதழும் நோய் தீர்க்கும் உரிமையையோ, பெயர்முன் ‘டாக்டர்’ என்று இட்டுக்கொள்ளும் உரிமையையோ தராது. மணம் மனக்கலக்கத்தைத் தணிக்கவும் இளைப்பாறவும் துணைசெய்யலாம். புற்றுநோயையும் நீரிழிவையும் தீர்க்கும் என்பவர் பொய்யுரைப்பவர். வெளிநாட்டுச் சபையொன்றின் பெயர் சான்றிதழிற் பொறித்திருந்தால், அச்சபையையே கேட்டு உண்மை அறிந்துகொள்ளுங்கள்.

நான்காவது, கற்கும் இடம். 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குச் சென்றனர். தொழில் நடக்கும் இடத்தையே நாடிச் சென்று கற்றுத் திரும்பி, 1923இல் சிவகாசியில் அத்தொழிலைத் தொடங்கினர். இன்று இம்மாவட்டத்தில் எரியும் அடுப்புகள் பலவற்றுக்கு அப்பயணமே மூலம். மணத்தொழிலுக்கும் அவ்வாறு இடங்கள் உண்டு. அத்தருக்குப் பேர்போன கன்னோசியில் மத்திய அரசின் நறுமண, சுவைப்பொருள் வளர்ச்சி மையம் 1991 முதல் நடைபெறுகின்றது. சாரம் வடித்தல், வாசனை கூட்டல், மணமருத்துவம் ஆகியவற்றிற் குறுகிய காலப் பயிற்சிகளை நடத்தி வந்துள்ளது. இலட்சுமணபுரி எனப்படும் லக்னோவில் மருந்து, மணச் செடிகளுக்கான மத்திய ஆராய்ச்சி நிலையமும் உண்டு. அத்தகைய இடங்களின் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். அங்குச் செல்ல இயலாதவரும் அதனை அளவுகோலாகக் கொண்டு உள்ளூர் வகுப்பை அளந்து பார்க்கலாம்.

கட்டணத்தைப் பற்றி ஒரு சொல். இவ்வூரார் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி எடுத்துப் பள்ளி வளர்த்தவர்கள். கல்விக்குச் செலவிட நம்மவர் அஞ்சியதில்லை. ஆனால் அப்பிடியரிசிக்குக் கணக்குக் கேட்டார்கள். தாயின் தோட்டுக்கும் கணக்குக் கேட்பது மகளின் கடமை. ஆதலின் பணம் கட்டுமுன், முன்பு பயின்றோர் இருவரைத் தேடிக் கண்டு, அவர்கள் இப்போது என்ன வேலை செய்து எவ்வளவு ஈட்டுகின்றனர் என்று கேளுங்கள்.

அப்பெண்ணிடம் யாம் இவற்றைக் கூறினோம். அவள் அழுதாள், பின் தெளிந்தாள். கட்டிய பணம் திரும்பவில்லை. ஆயினும் தன் தெருமுனைச் சுவரில் ஒரு தாள் ஒட்டினாள்: “தீப்பட்டால் தண்ணீர், இருபது நிமிடம்.” கன்னோசிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க இப்போது பணம் சேர்த்து வருகிறாள். அவளுக்குக் கைகொடுக்கச் சங்கத்தார் முன்வருவாராயின், எம் பேச்சுக்கு அதுவே பயன்.