குவயர் என்னும் சொல்

(ஆஸ்பத்திரி ஆதரவாளர் கூடுகையில் ஆஸ்பத்திரி போதகர் ஆற்றிய உரை)



ஆராதனையில் அங்கி உடுத்தி வரிசையாய் நின்று பாடுவோரைக் குவயர் என்கிறோம். ஆனால் இச்சொல்லின் வேரில் பாட்டு மட்டுமல்ல, ஆட்டமும் உண்டு. கூடிப் பாடிக்கொண்டே ஆடும் கூட்டத்தையே கிரேக்கர் 'கோரோஸ்' என்றனர். சிலப்பதிகாரத்தில் ஆயர் பெண்கள் எழுவர் கைகோத்து ஆடிப் பாடும் குரவையை நினைத்தால் பொருள் விளங்கும். சிதம்பரம் கோபுரங்களில் 108 நடனக் கரணங்களைக் கல்லில் கண்டிருக்கிற நமக்கு இது புதிதல்ல.

லத்தீனில் இது 'கோருஸ்' ஆயிற்று. சபை இதைப் பாடுவோருக்குப் பெயராக வைத்தது. பின்பு அவர்கள் நிற்கும் பகுதிக்கும் அப்பெயரே வந்தது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்கு வித்திட்டவர்கள் டேனிஷ் மிஷனெரிகள். அவர்கள் மொழியிலும் 'கோர்' என்ற ஒரே சொல் பாடகரையும் குறிக்கும், பலிபீடம் இருக்கும் பகுதியையும் குறிக்கும்.

இப்படி, ஆடிப்பாடிய கூட்டத்தின் பெயர் ஆலயத்தில் ஓர் இடத்தின் பெயராயிற்று. அந்த இடம் சிலருக்கு மட்டும் உரியதா?

எருசலேம் ஆலயத்துக்கு 288 பாடகர் இருந்தார்கள். அவர்கள் முறை வகுக்கச் சீட்டுப் போட்டபோது, ஆசான் என்றும் மாணாக்கன் என்றும் பேதம் பார்க்கவில்லை (1 நாளாகமம் 25).

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் 'கோரோஸ்' என்ற சொல் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது: லூக்கா 15:25. காணாமற்போன மகன் திரும்பி வந்த வீட்டில் எழுந்த நடனக்களிப்பு அது. அதைக் கேட்டும் மூத்தவன் உள்ளே போக மனதில்லாமல் நின்றான். அவனை அழைக்கத் தகப்பனே வெளியே வந்தார். பிரியமானவர்களே, நமது பாட்டும் அப்படி வெளியே வரவேண்டும்.

ஞாயிறு மாலைகளில் நமது நர்சிங் மாணவிகள் சிற்றாலயத்திலிருந்து வார்டுக்கு வருகிறார்கள். நோயாளிகளிடம் விருப்பம் கேட்டு, மெல்லிய குரலில் பாடுகிறார்கள். எழுந்து உட்காரவும் பெலனில்லாத ஒருவர் கட்டில் கம்பியில் விரலால் தாளம் போடுகிறார். அவர் எந்த மதத்தவர் என்று நாம் கேட்பதில்லை. அவருக்கு ராகம் தெரியாதிருக்கலாம். ஆயினும் பழைய பொருளின்படி அவரும் அந்தக் குவயரில் ஒருவரே.

இந்த ஆஸ்பத்திரியைக் காணிக்கையாலும் ஜெபத்தாலும் தாங்குகிற உங்களுக்கும் அதில் இடமுண்டு. அடுத்த முறை வரும்போது சிற்றாலயத்தோடு நின்றுவிடாதிருங்கள். வார்டு வரை வந்து எங்களோடு பாடுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.